முப்பத்தெட்டு புள்ளி ஆறு

காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். பல் துலக்கிக் குளிக்கிறேன். முதல் நாளே தேய்த்து மாட்டி வைத்த சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு காபி. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆறு பத்துக்குக் கதவைப் பூட்டுகிறேன். நடந்தால் லேபுக்குப் பதினொரு நிமிடம்.

முதல் வேலை குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் குறிப்பது. மூன்று பெட்டிகள், மூன்று கையெழுத்துகள். பிறகு மெஷினைப் போடுவேன். அது தன் குழாய்களைத் தானே கழுவிக்கொள்ளும். அதற்குள் கழிவு டப்பாவைக் காலி செய்து, கன்ட்ரோல் குப்பிகளை வெளியே எடுத்து வைப்பேன். அவற்றில் எது எவ்வளவு இருக்கிறதென்று தயாரித்தவர்களே எழுதி அனுப்பியிருப்பார்கள். மெஷினும் அதையே சொன்னால் அன்றைக்கு அது உண்மை பேசுகிறது என்று பொருள். ஏழேகாலுக்குத் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

என் மெஷின் ரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடுகளை அளப்பது. உடம்பில் கட்டி இருந்தால் சில பொருள்கள் ரத்தத்தில் கூடும். கட்டி இருந்தும் கூடாமல் இருக்கலாம். கட்டியே இல்லாமலும் கூடலாம். இந்த மூன்று வாக்கியங்களையும் கல்லூரி இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எழுதிப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கினேன்.

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"தம்பி, இருக்கா இல்லையான்னு இதுல தெரிஞ்சிடும்ல?"

"டாக்டர்கிட்ட கேளுங்க."

"நீங்கதானே பார்க்கிறீங்க?"

"நான் நம்பர்தான் பார்க்கிறேன்."

முன்பெல்லாம் இவ்வளவு சுருக்கமாகப் பேசமாட்டேன். நின்று விளக்கம் சொல்வேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது சந்தேகம் என்றால் ட்யூபில் ரத்தத்தைக் கொண்டுவந்து, காலையில் கன்ட்ரோலோடு சேர்த்துப் போட்டுவிடுவோம். பதிவு இருக்காது, டாக்டர் சீட்டு இருக்காது. ட்யூபின் மேல் 'வீடு' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். முடிவு அச்சாகாது. திரையில் பார்த்துத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வோம். மேற்பார்வை மேடத்துக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அவருடைய அண்ணனின் ட்யூபும் அப்படி வந்ததுதான்.

இப்போதும் வீட்டு ட்யூப்கள் வருகின்றன. நான் வாங்குவதில்லை. போன வாரம் பக்கத்து மேசைக்காரன் மாமனார் ட்யூபை நீட்டினான்.

"பதிஞ்சிட்டு வா," என்றேன்.

"அடப் போப்பா. நேத்து வரைக்கும் நீயே போட்டவன்தானே?"

"பதிஞ்சிட்டு வா."

அவன் ரத்தம் எடுக்கும் அக்காவிடம் போய்ச் சொன்னான். அக்கா இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறார். மேடம் உட்பட எல்லோருக்கும் அக்காதான்.

"விடுடா அவனை," என்றார் அக்கா, எனக்குக் கேட்கிற மாதிரியே. "பொண்டாட்டி போன துக்கம். கொஞ்ச நாள் சட்டம் பேசுவான்."

துக்கம் வேறு, இது வேறு. அக்காவுக்கு அது தெரியாது.

*

என் மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தாள். காதில் ஹெட்போன், எதிரே திரை. குழாய் உடைந்தால், தண்ணீர் வராவிட்டால், வருகிற தண்ணீர் பழுப்பாக இருந்தால், ஊர் முழுக்கத் திட்டுவது அவளைத்தான். திட்டி முடித்ததும், "உங்க புகார் எண்ணைக் குறிச்சிக்கோங்க," என்பாள். வீட்டிலும் அப்படியே. நான் ஏதாவது குறை சொன்னால் ஆறிலக்க எண் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

கல்யாணமாகி நாலாவது வருடம் அவளுக்கு இருமல் வந்தது. வயது முப்பத்தொன்று. சிகரெட் பிடிக்கிறவர்கள் யாரும் வீட்டில் இல்லை. தெருமுனை டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார், பிறகு ஏழு நாள் வேறு மாத்திரை. இருமல் குறைந்த மாதிரி இருந்து திரும்ப வந்தது. கூடவே குரலும் கெட்டது. கரகரப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு மாதத்தில் அது ஆண் குரலாகவே ஆகிவிட்டது.

ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"இன்னிக்கு ஒருத்தர், 'சார், எங்க தெருவுல மூணு நாளா தண்ணி வரல'ங்கறாரு. 'நான் சார் இல்லீங்க, மேடம்'னேன். 'சரி சார், அந்த மேடம்கிட்ட ஃபோனைக் குடுங்க'ங்கறாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேனே. பக்கத்து சீட்டுக்காரிகிட்ட குடுத்தேன். அவகிட்ட, 'அந்த சார் ரொம்பத் திமிரா பேசறாரும்மா'ன்னு என்னைப் பத்தியே புகார் பண்ணிட்டாரு. அதுக்கும் ஒரு நம்பர் போட்டாச்சு."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நின்றபோது கண்ணெல்லாம் தண்ணீர். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் நடுவில் சற்று அகலமாகத் தெரிகிறது, சளியாகவும் இருக்கலாம், எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எழுதியும் கொடுத்தார். அவள் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"மெஷின்காரரே, என் ரத்தத்தை உங்க மெஷின்ல போட்டுப் பாருங்களேன்."

"ஸ்கேன்தான் எழுதியிருக்காரு."

"ஸ்கேன் எங்க போயிடும்? முதல்ல இதைப் பாருங்க. இதுல ஒண்ணும் இல்லன்னா ஸ்கேன் எதுக்கு?"

அந்த இடத்தில் நான் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"ஏதாவது இருந்தா நீங்கதான் எங்கிட்ட சொல்லணும்," என்றாள். "அந்த டாக்டர் தொண்டையைக் கனைச்சிக்கிட்டு, 'உட்காருங்கம்மா'ன்னு ஆரம்பிச்சாருன்னா எனக்கு அங்கயே உயிர் போயிடும். நீங்கன்னா சண்டையாவது போடலாம். மறைக்கக் கூடாது. சரியா?"

"சரி."

*

அக்காவை எடுக்கச் சொல்லியிருக்கலாம். அக்கா எடுத்தால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. ஆனால் அக்காவுக்குத் தெரிந்தால் லேபுக்கே தெரியும். அதனால் வீட்டில் நானே எடுத்தேன். வலிக்கக் கூடாதென்று, கைக்குழந்தைகளுக்கு வைத்திருக்கும் மெல்லிய ஊசியை எடுத்து வந்திருந்தேன்.

காலை ஆறு மணி. சாப்பாட்டு மேசையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது என்ன, ஊசியா முடியா? இதுல ரத்தம் வருமா?"

"வரும். ஆட்டாத."

"அக்காவா இருந்தா இந்நேரம் எடுத்து முடிச்சு டீ குடிக்கப் போயிருப்பாங்க."

"பேசாம இரு."

"பேசறது என் வேலை. அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

ரத்தம் மெதுவாக வந்தது. சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்தேன். போதவில்லை, இன்னும் பலமாக இழுத்தேன். பிறகு அதே ஊசி வழியாக ட்யூபில் பீய்ச்சினேன். இதில் எதையும் செய்யக் கூடாது. மெல்லிய ஊசியில் இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருவது. ஆறு வருடமாகச் சொல்லித் தருகிறவனே நான்தான்.

வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

லேபில் ட்யூபைச் சுழலவிட்டு எடுத்தேன். ரத்தம் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிந்து நிற்க வேண்டும், வைக்கோல் நிறத்தில். இளஞ்சிவப்பாக நின்றது.

இப்படி வந்தால் என்ன செய்வதென்று சுவரில் ஒட்டியிருக்கிறது. போடக் கூடாது. நிராகரித்த ரத்த மாதிரிகளின் தட்டில் வைத்து, நோட்டில் எழுதி, நோயாளிக்கு ஃபோன் செய்து மறுபடி வரச்சொல்ல வேண்டும். தினமும் இரண்டு மூன்று பேருக்காவது சொல்கிறோம். "திரும்பவும் குத்தணுமா?" என்று கத்துவார்கள். இருந்தாலும் வருவார்கள்.

நோட்டில் எழுதப் பெயர் வேண்டும், பதிவு எண் வேண்டும். 'வீடு' என்பதை எழுத முடியாது. மெஷினில் வைத்தேன்.

நுரையீரல் சந்தேகம் என்றால் எங்கள் லேபில் இரண்டு குறியீடுகள் போடுவது வழக்கம். சி.இ.ஏ. இரண்டு புள்ளி ஒன்று. ஐந்துக்குள் இருந்தால் நல்லது. என்.எஸ்.இ. முப்பத்தெட்டு புள்ளி ஆறு. பதினாறுக்குள் இருக்க வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்தான். உடனே காரணம் நினைவுக்கு வந்துவிட்டது. என்.எஸ்.இ. சிவப்பணுக்களுக்குள்ளேயே இருக்கிற பொருள். அணு உடைந்தால் அது சீரத்தில் கலக்கும், எண் பொய்யாக ஏறும். சீரம் இளஞ்சிவப்பு. ஊசி மெல்லியது. எல்லாம் பொருந்தியது. இது நோய் இல்லை, என் கைவேலை.

ஒன்றும் தெரியாத ஒருவன் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் பதறிப்போய் அன்றைக்கே அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருப்பான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

சீட்டில் இரண்டு எண்களையும் எழுதி, இரண்டாவதற்குப் பக்கத்தில் 'திரும்ப எடுக்க' என்று எழுதினேன். திரையிலிருந்து நீக்கினேன். பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"என்னாச்சு?"

"நார்மல்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"நெஜமா?"

"வரிசையில ஆளுங்க நிக்கறாங்க. வெச்சிடறேன்."

வைப்பதற்குள், அந்த ஆண் குரலில், "நார்மலாம்டி!" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் அவள் சொன்னது கேட்டது.

சனிக்கிழமை திரும்ப எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை அத்தை வந்தார், அவளுடைய அம்மா. மகளின் முகத்தைப் பிடித்து, "பாதி உசுரு போயிடுச்சு எனக்கு. மாப்பிள்ளை வீட்டோட ஒரு லேபே இருக்கிற மாதிரி. நமக்கென்ன கவலை?" என்றார். அந்த நேரத்தில் ஊசியை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியவில்லை. அடுத்த வாரம் எடுத்தால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், அன்றைக்கு எல்லாமே நார்மல் என்றது என்ன என்று கேட்பாள். சீட்டு சட்டைப் பையிலேயே இருந்து, துவைக்கும்போது கரைந்துபோயிற்று. ஸ்கேன் சீட்டை அவள் கிழித்துப் போட்டாள். கிழிக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒரு தடவை எடுத்துத்தான் பார்த்துடலாமே," என்றேன்.

"உங்க மெஷின் மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்றாள்.

*

பதினொரு வாரம். ஒவ்வொரு வாரமாக எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது. தூக்கம் அதிகம் என்றாள். கழுத்தில் நரம்புகள் புடைத்தன. மேல் பொத்தானைப் போட முடியவில்லை. "உடம்பு போட்டுட்டேன், நல்லா சோறு போடறீங்க," என்றாள். ஒரு புதன்கிழமை, புகார் எண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறி மேசையில் சாய்ந்தாள். பக்கத்து சீட்டுக்காரி ஃபோன் செய்தபோது நான் கன்ட்ரோல் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் நெஞ்சின் நடுவே, பெரிய ரத்தக் குழாயை நெருக்கிக்கொண்டு கட்டி. ஈரலில் நாலு இடத்தில். ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சிறு செல் வகை. புகை பிடிக்காதவர்களுக்கு அபூர்வமாகத்தான் வரும் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். வந்தால் வேகமாக ஓடுகிற வகை.

"முன்னாடி டெஸ்ட் ஏதாவது எடுத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார். "மாப்பிள்ளையே ரத்தம் எடுத்துப் பார்த்தாரு டாக்டர். லேப்லதான் இருக்காரு. எல்லாம் நார்மல்னு வந்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன பார்த்தீங்க?"

"சி.இ.ஏ."

"அது மட்டுமா?"

அவள் கட்டிலில் இருந்தாள். கண் திறந்துதான் இருந்தது.

"அது மட்டும்தான்."

"இந்த வகையில அது பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும்," என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. "ரத்தத்தைப் பார்த்து இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மருந்துக்குக் கேட்குதான்னு பின்னாடி பார்க்கத்தான் இந்த ரத்த மார்க்கர். கண்டுபிடிக்கறதுக்கு ஸ்கேன்தான். உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"தெரியும் டாக்டர்."

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு என்.எஸ்.இ. பார்த்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "இது என்ன, புதுசா இருக்கு? அன்னிக்கு நீங்க இதைப் பார்க்கலையா?"

"நம்மகிட்ட அன்னிக்கு இந்த டெஸ்டுக்கு மருந்து இல்ல," என்றேன். அதற்கு வேண்டிய ரசாயனத்தை, அவளுக்கு ரத்தம் எடுத்ததற்கு முந்தின நாள்தான் புதிதாகத் திறந்திருந்தேன்.

*

அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு வேலை வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். அதற்கு முன் ரத்தம். அக்காவே வீட்டுக்கு வந்து எடுத்தார். பதிவு செய்து, பெயரோடு, டாக்டர் சீட்டோடு நான் போட்டேன். சீரம் ஒவ்வொரு முறையும் கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு ஆயிற்று. பிறகு முப்பத்தொன்று. பிறகு பதினேழு. குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டி அவளே எழுதி வைத்தாள். மேலே 'புகார் எண்', பக்கத்தில் 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது'. தலைமுடி எல்லாம் கொட்டியிருந்தது. குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு குறைஞ்சா நார்மல்," என்றாள். "ஒரு நம்பர் தள்ளிப் போட்டா உங்க மெஷின் குறைஞ்சா போயிடும்?"

"அதெல்லாம் முடியாது."

"நேர்மையான புருஷன் கிடைச்சா இதான் கஷ்டம்."

அத்தை சிரித்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நன்றாக இருக்கிற நாளில் ஏன் என்று விட்டேன். அடுத்த முறை ஐம்பத்தெட்டு. அதற்கடுத்தது நூற்று நாற்பது. நன்றாக இல்லாத நாளில் எப்படி என்று விட்டேன். குளிர்பெட்டித் தாளில் அந்த இரண்டையும் அவள் எழுதவில்லை.

டாக்டரைத் தனியாகப் பார்க்கப் போனேன். ஒரே கேள்விதான்.

"பதினொரு வாரம் முன்னாடியே வந்திருந்தா?"

"ஏன் கேட்கறீங்க?"

"சும்மா."

பேனாவை மூடி வைத்தார். "அப்ப நெஞ்சுக்குள்ள மட்டும் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தா கதிர்வீச்சும் சேர்த்துக் குடுத்திருப்போம். அதுல நாலுல ஒருத்தர், மூணுல ஒருத்தர் பல வருஷம் நல்லா இருக்காங்க. இல்ல, அப்பவே ஈரல் வரைக்கும் போயிருந்தாலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க. உங்க மேல என்ன தப்பு? நீங்க பார்த்த ஒரு டெஸ்டும் நார்மல்தானே?"

எழுந்து வந்துவிட்டேன். வெளியே மருந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாலில் ஒன்று. மூன்றில் ஒன்று. சொல்லாமல் விட்டால் எனக்குத் தண்டனை எதுவும் இல்லை என்பது அங்கேதான் தெளிவாகப் புரிந்தது. யாருக்கும் தெரியாது. சீட்டு கரைந்துவிட்டது. திரையில் இல்லை. பதிவில் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஏதாவது இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. அதைச் செய்ய இன்னும் சில நாள்கள் இருந்தன, அவ்வளவுதான்.

*

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அத்தை ஒரு கதை சொல்கிறார். கடைசி நாள், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, மகள் தன் கையைப் பிடித்து, "அம்மா, அவரைத் தனியா விட்டுடாதே. தங்கமான மனுஷன்," என்று சொன்னாளாம். அதுதான் அவள் கடைசியாகப் பேசியதாம். சொல்லும்போது அத்தை என்னைக் காட்டுவார். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். முதல் தடவை கேட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டேன். இப்போது பழகிவிட்டது. அத்தை பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. அந்தக் கடைசி நாள் முழுக்க அவள் கண்ணையே திறக்கவில்லை.

அவள் பேசியது அதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அத்தை குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார். ஆறு பேர் படுக்கும் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்துக் கட்டிலைக் காலி செய்து, மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைத்து முடித்துப் போகட்டும் என்று காத்திருந்தேன். போனார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க." மூச்சு வாங்கினாள். "நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

"அன்னிக்கு வீட்ல எடுத்தேன்ல. அதுல என்.எஸ்.இ.யும் பார்த்தேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கிக் கண்கள் சின்னதாகியிருந்தன.

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு."

"பதினாறுக்குள்ள இருக்கணும்," என்றாள்.

"ஆமா."

"மருந்து இல்லன்னீங்க."

"இருந்துச்சு."

நான் சொல்லிக்கொண்டே போனேன். ஊசி மெல்லியது, பலமாக இழுத்தேன், அணுக்கள் உடைந்தன, சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது, அப்படி இருந்தால் எண் பொய்யாக ஏறும், அதனால்தான் ஏறியது என்று நினைத்தேன், சனிக்கிழமை திரும்ப எடுக்கலாமென்று இருந்தேன். லேபில் புதியவர்களுக்குப் பாடம் சொல்கிற மாதிரியே வரிசையாக வந்தது. வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை.

"பெரிய ஊசி போட்டிருக்கலாம்ல?"

"வலிக்கும்னு."

"வலிக்கும்னு," என்றாள். சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். இருமல். நிற்க நேரமாயிற்று. வாயைத் துடைத்துவிட்டேன். தடுக்கவில்லை.

"அப்ப அது பொய் நம்பராவும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"நெஜமாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றினார். சொட்டு விழுகிறதா என்று பார்த்து, வேகத்தைக் குறைத்து, அட்டையில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். அழுதால், அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னால், வெளியே போ என்றால், எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

திரும்பாமலே கேட்டாள்.

"வேற யாரோ ஒருத்தியா இருந்தா, மறுபடி வரச்சொல்லி எடுத்திருப்பீங்கல்ல?"